கடைப் பையன் தனியாக வழக்குப் பேச வந்தால்

தெமோதரைத் தோட்டங்களில் ஒரு தொழிலாளியை நிறுத்தினால் சங்கத் தலைவர் துரையின் ஆபீஸுக்குப் போய்ப் பேசுவார். நமது கடைப் பையனுக்கு அப்படி யாருமில்லை. நான்கு பேர் வேலை செய்யும் கடையில் சங்கம் ஏது? "சட்டத்தரணி பிடிக்க அவனிடம் காசு எங்கே?" என்று முதலாளிமார் சொல்வதைக் கடைத்தெருவில் நான் அடிக்கடி கேட்கிறேன்.

இந்தக் கணக்கு பிழை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தம்தான் தொழில் நியாய சபையை உண்டாக்கியது. தொழிலாளி தானே விண்ணப்பித்துத் தானே பேசலாம். சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் சபையைக் கட்டுப்படுத்தா. தேவையான விசாரணையைச் செய்து, நீதியும் நியாயமுமான கட்டளையை இடுவது சபையின் கடமை. ஆகவே வாய் பேசத் தெரியாதவனிடமும் தலைவரே கேள்வி கேட்டு விஷயத்தை எடுப்பார்.

நிறுத்தியதை நாம் ஒப்புக்கொண்டால், அது நியாயம் என்று காட்டும் பொறுப்பும் நம்முடையதே. "கல்லாவில் கை வைத்தான்" என்கிறோம். சரி, அன்று எழுத்தில் விளக்கம் கேட்டோமா? பதில் சொல்ல இடம் கொடுத்தோமா? முதலில் களவு என்றும், பிறகு வியாபாரம் மந்தம் என்றும், கடைசியில் அவனாகவே போனான் என்றும் சொன்னால், தெமோதரை ரயில் சுற்றி வந்து தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைவது போலத்தான் நமது கதையும்.

நமக்குச் சாதகமானதும் உண்டு. அசோசியேட்டட் பெட்டரி கம்பனி வழக்கில் 1975இல் உயர் நீதிமன்றம் சொன்னது: குற்றச்சாட்டு களவு போன்றதாக இருந்தாலும், குற்றவியல் வழக்கில் போல ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்று நிறுத்துப் பார்த்தால் போதும். ஆனால் தராசில் வைக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டுமே!

"பதினைந்து பேருக்குக் குறைந்த கடைக்குச் சட்டம் இல்லை" என்பது இன்னொரு பேச்சு. ஒழுக்காற்றுக் காரணமின்றி ஆட்குறைப்புச் செய்யத் தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்னும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்துக்குத்தான் அந்த எண்ணிக்கை. நியாய சபைக்கு அது தடையல்ல. சின்னக் கடையில் வேலை செய்தவன் பணிக்கொடையையும் அங்கேயே கேட்கலாம். சேமலாப நிதிக்கு நமது 12 சதவீதமும் அவனது 8 சதவீதமும் ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டியவை.

வழக்குப் பேசப் போகும் தம்பிக்கும் ஒரு வார்த்தை. நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, சேமலாபக் கணக்கு எல்லாவற்றையும் திகதி வரிசையில் கட்டி எடுத்துப் போங்கள். விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு. சமரசம் பேசுகிறோம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

கட்டளை பிடிக்காவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் மேன்முறையீடு செய்யும் முதலாளி முதலில் காசுப் பிணை கட்ட வேண்டும்.