ஏலக்காய் ஏலத்தில் ஒரு தொழில்பாடம்: புராடக்ட் மேனேஜராகப் போகிறவர்களுக்கு

தேனி மாவட்டத்துத் தேவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் ஏலமலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால், அங்கே காய் எடுக்கப் போகிற பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடி மெட்டு வழியாகவோ கம்பம் மெட்டு வழியாகவோ சுற்றித்தான் போகிறார்கள். சாக்கலூத்து மெட்டு வழியே நேராக ஒரு சாலை வேண்டும் என்று ஊர் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த ஜீப்புகளில் போனவர்களின் பிள்ளைகள் பலர் இன்று பொறியியல் பட்டதாரிகள். சென்னை, கோவை, தென்காசி என்று மென்பொருள் நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர் ‘புராடக்ட் மேனேஜர்’ என்ற வேலையைக் குறிவைக்கிறார்கள். “அது என்னப்பா வேலை?” என்று வீட்டில் கேட்டால், “மேனேஜர்தாம்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முடியாத வேலையை நேர்காணலிலும் தெளிவாகச் சொல்ல முடியாது. அதனால், அம்மாவுக்குத் தெரிந்த ஏலக்காயை வைத்தே அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

ஒரு பொருளில் எதைச் செய்வது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது, ஏன் என்பதை முடிவுசெய்து, அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பவர்தான் புராடக்ட் மேனேஜர். பொறியாளர்கள் அவருக்குக் கீழே வேலை செய்வதில்லை. வடிவமைப்பாளர்களும் விற்பனைக்காரர்களும் அப்படியே. பெயரில் ‘மேனேஜர்’ இருந்தாலும் கையில் அதிகாரம் கிடையாது. காரணத்தைச் சொல்லித்தான் மற்றவர்களை இணங்கவைக்க வேண்டும்.

இந்த வேலை கணினி யுகத்தில் பிறந்ததல்ல, சோப்புக் கம்பெனியில் பிறந்தது. 1931-இல் அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்கெல்ராய் என்ற இளம் ஊழியர் காமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பின் நிழலில் காமே வாடியது. ஒவ்வொரு சோப்புக்கும் தனி ஆள் வேண்டும், எந்த ஊரில் விற்கிறது, எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று களத்துக்கே போய்ப் பார்த்து அதைச் சரிசெய்வதுதான் அந்த ஆளின் வேலை என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். மெக்கெல்ராய் பின்னாளில் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். ‘களத்துக்குப் போய்ப் பார்’ என்ற அந்தக் குறிப்பின் கருத்து இன்றுவரை இந்தத் தொழிலுக்கு அடிப்படை.

நமக்குக் களம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஏலமும் ஏலமும்

காய்க்கும் ஏலம் என்று பெயர், அதை விற்கும் முறைக்கும் ஏலம் என்றே பெயர். இரண்டாவது சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன. முன்பு குரல்கொடுத்து விலை ஏற்றிய ஏலம், 2007 வாக்கில் பொத்தானுக்கு மாறியது. குரல் ஏலத்தில் யார் கேட்கிறார், யார் பின்வாங்குகிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். திரையில் விலை மட்டுமே பேச வேண்டும் என்பது மாற்றத்தின் எண்ணம்.

அங்கே நடப்பதைப் பாருங்கள். விவசாயி உலர்ந்த காயை ஏல நிறுவனத்தில் பதிவுசெய்கிறார். அது எண் போட்ட ‘லாட்’ ஆகிறது. மாதிரி எடுக்கிறார்கள். வியாபாரி அந்த மாதிரியைக் கையில் கொட்டி நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் காயின் எடை) விசாரிக்கிறார், ஒரு காயைக் கீறி உள்ளே விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். அதன் பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகிறது. விலை கேட்பது மின்னணுவுக்கு மாறிவிட்டது. காயைப் பார்ப்பது கையிலேயே நின்றுவிட்டது. அது நின்றது சரி என்றே நினைக்கிறேன். எதைக் கணினிக்கு மாற்றுவது, எதை மனிதர் கையிலேயே விடுவது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வி. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிக் குதித்து, எல்லாவற்றையும் ஆப்பாக்கப் பார்ப்பார்கள்.

அடுத்தது, யாருக்காகச் செய்கிறோம் என்ற கேள்வி. ‘பயனாளர்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டால் வேலை கெட்டது. பொத்தானை அழுத்துபவர் வியாபாரி. விலையால் வாழ்பவர் விவசாயி. நடத்துவது உரிமம் பெற்ற ஏல நிறுவனம், விதி வகுப்பது வாரியம். வியாபாரிக்குப் பின்னால் இன்னும் பலர் இருக்கிறார்கள். வளைகுடா காபிக்குப் பச்சை மாறாத எட்டு மில்லிமீட்டர் பருங்காய் வேண்டும். மசாலா அரைப்பவருக்குப் பருமன் முக்கியமல்ல, மணம் போதும். எல்லோருக்கும் முன்னால், காயை எடுத்த பெண் இருக்கிறாள். ஏல மையத்தின் திரையை அவள் பார்த்தே இருக்க மாட்டாள். ஆனால், முற்றாத காயை அவள் பறித்தால் அந்தத் திரையில் விலை விழும். திரையைத் தொடாதவர்களையும் சேர்த்து எழுதிய பட்டியல்தான் முழுப் பட்டியல்.

பிரச்சினையை ஒரு வரியில் எழுதுவது

வேலையில் சேர்ந்ததும் பழக வேண்டிய முதல் பயிற்சி இது: இன்னார், இன்ன நேரத்தில், இன்னதைச் செய்ய முயல்கிறார், இன்ன காரணத்தால் முடியவில்லை. இந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் ஆப்பின் பெயரோ தொழில்நுட்பத்தின் பெயரோ வரக் கூடாது. வந்தால், பிரச்சினையை விட்டுவிட்டுத் தீர்வை எழுதிவிட்டீர்கள் என்று பொருள். “விவசாயிகளுக்கு விலை ஆப் இல்லை” என்பது பிரச்சினை அல்ல. “இரண்டு மூட்டை காய் வைத்திருக்கும் தேவாரத்து விவசாயி, இந்த வாரம் விற்பதா காத்திருப்பதா என்று முடிவெடுக்கும்போது, வீட்டுக்கு வந்து கேட்கும் வியாபாரி சொல்லும் விலையைத் தவிர வேறு விலை அவர் காதுக்கு வருவதில்லை” என்று எழுதினால் அது பிரச்சினை.

எழுதியதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. டொயோட்டா தொழிற்சாலைகளில் ஐந்து முறை ‘ஏன்’ கேட்கும் வழக்கம் உண்டு. நம் மலையில் அதைக் கேட்டுப் பார்ப்போம். காய்க்கு ஏன் விலை குறைந்தது? நிறம் வெளுத்துவிட்டது. ஏன் வெளுத்தது? காயை உலர்த்தும் ஸ்டோரில் சூடு சரியாக இல்லை. ஏன்? அவசரமாக உலர்த்தினார்கள். ஏலக்காயைச் சுமார் 50 டிகிரி சூட்டில் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் பக்குவமாக உலர்த்தினால்தான் பச்சை நிற்கும். ஏன் அவசரம்? பின்னால் நான்கு பேருடைய பச்சைக்காய் காத்துக் கிடந்தது. ஏன் எல்லோரும் ஒரே நாளில் வந்தார்கள்? மழை விட்ட மறுநாள் எல்லாத் தோட்டத்திலும் காய் எடுத்தார்கள். இப்போது சொல்லுங்கள், இந்த விவசாயிக்குத் தேவை விலை சொல்லும் ஆப்பா, உலர்த்தும் ஸ்டோரில் முறை பதிவுசெய்யும் வழியா? ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். அந்த ஒரு கிலோவும் நிறம் கெட்டால் எந்த ஆப் விலையை உயர்த்தும்?

இது நான் கட்டிச்சொன்ன எடுத்துக்காட்டுதான். ஆனால், ஒவ்வொரு ‘ஏன்’ கேட்கும்போதும் பிரச்சினை திரையை விட்டு விலகி மலைமேல் ஏறிப்போனதைக் கவனித்திருப்பீர்கள்.

எழுதும் முன் கையால் செய்

எரிக் ரீஸ் 2011-இல் எழுதிய ‘தி லீன் ஸ்டார்ட்அப்’ நூலுக்குப் பிறகு, குறைந்தபட்சப் பொருள் என்ற சொல் உலகமெங்கும் பரவியது. பலர் அதை ‘அரைகுறையாகச் செய்து வெளியிடுவது’ என்று புரிந்துகொண்டார்கள். அது தவறு. நம் ஊகம் சரியா என்று அறிய, மிகக் குறைந்த உழைப்பில் செய்யும் சோதனை அது. விலை ஆப் கட்டும் முன், ஏலம் நடக்கும் நாளெல்லாம் விலையைக் குறித்து, இருபது விவசாயிகளுக்கு ஒரு மாதம் வாட்ஸ்ஆப்பில் நீங்களே கையால் அனுப்பிப் பாருங்கள். நிரல் ஒரு வரிகூட வேண்டாம். மாத முடிவில் ஒருநாள் அனுப்பாமல் இருங்கள். “இன்னைக்கு ஏன் வரலை?” என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? யாருமே கேட்கவில்லை என்றால், ஆறு மாத உழைப்பு மிச்சம்.

கேட்டார்கள் என்றால் அடுத்த சிக்கல் வரும்: செய்ய வேண்டியவை பத்து, கையில் இருக்கும் ஆட்கள் மூன்று பேர். இதற்கு ‘ரைஸ்’ என்றொரு கணக்கு உண்டு. எத்தனை பேருக்குப் போய்ச்சேரும், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பயன், நம் ஊகத்தில் எவ்வளவு நம்பிக்கை, இந்த மூன்றையும் பெருக்கி, தேவைப்படும் ஆள்-மாத உழைப்பால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, விலைக் குறுஞ்செய்தி மாதம் 1,000 விவசாயிகளுக்குப் போகும், பயன் 2, நம்பிக்கை 80 விழுக்காடு, உழைப்பு ஒரு மாதம் என்று வைத்தால் மதிப்பெண் 1,600. வியாபாரிகளுக்காக ஒவ்வொரு லாட்டையும் படம் எடுத்துப் போடும் வசதி 100 பேருக்கு, பயன் 2, நம்பிக்கை 50 விழுக்காடு, உழைப்பு நான்கு மாதம் என்றால் மதிப்பெண் 25. முதலாவதைச் செய் என்கிறது கணக்கு.

கணக்கு சொன்னதும் எழுந்து போய்விடாதீர்கள். வியாபாரிகள் எண்ணிக்கையில் சிலர்தான். ஆனால், அவர்கள் வராத நாளில் ஏலமே இல்லை. இரண்டு பக்கமும் இருந்தால்தான் சந்தை என்பது ரைஸ் கணக்குக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஊகங்களை மேசைமேல் வைத்து விவாதிக்க இந்தச் சட்டகங்கள் உதவும். அவை உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்காது.

ஜப்பானியப் பேராசிரியர் நொரியாகி கானோ 1984-இல் சொன்ன பாகுபாட்டையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். சில அம்சங்கள் கூடக்கூட மகிழ்ச்சி கூடும். சில, இருந்தால் யார் கண்ணிலும் படாது, இல்லாவிட்டால் ஆள் திரும்பி வர மாட்டார். எடை சரியாக இருப்பதற்காக எந்த விவசாயியும் தராசைப் பாராட்டியதில்லை. எடை ஒருமுறை தவறினால் அடுத்த வாரம் அவர் காய் வேறு இடத்துக்குப் போகும். புதியவர்கள் பளபளப்பான வசதிகளின் பின்னால் ஓடித் தராசை மறந்துவிடுகிறார்கள்.

ஏழாயிரம் ரூபாய் யாருடைய வெற்றி?

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. அதுவரை யாரும் காணாத விலை. அந்த ஏல முறைக்கு நீங்கள் புராடக்ட் மேனேஜராக இருந்திருந்தால், ஆண்டறிக்கையில் அதை உங்கள் சாதனையாக எழுதத் தோன்றியிருக்கும். ஆனால், 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அடிபட்டு, அடுத்த ஆண்டு மழை பொய்த்துக் காய் குறைந்ததால் ஏறிய விலை அது. அன்றைய சராசரி விலைகூட அதைவிட மிகவும் குறைவு. விலை உயர்ந்த அதே நாளில், விற்கக் காயில்லாமல் தேவாரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்த விவசாயிகள் உண்டு.

மழை மாற்றக்கூடிய எண்ணை உங்கள் அளவுகோலாக வைக்காதீர்கள். உங்கள் பொருள் மாற்றக்கூடிய எண்ணை எடுங்கள். ஒரு லாட்டுக்கு எத்தனை வியாபாரிகள் விலை கேட்டார்கள், பதிவான லாட்டுகளில் எத்தனை விற்றன, விற்ற காய்க்குப் பணம் எத்தனை நாளில் விவசாயி கைக்கு வந்தது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் முதன்மையானது. பணம் தாமதமானால் மற்ற இரண்டும் காலப்போக்கில் தாமாக விழும்.

தீர்வின் அளவுக்கும் இதே ஏலத்தில் ஒரு பாடம் உண்டு. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது, ஏலம் நின்றது. மே இறுதியில் மீண்டும் தொடங்கியபோதும், மாநில எல்லை தாண்டிப் போய்வருவது வியாபாரிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. போடியில் இருப்பவர் போடியிலிருந்தும் புற்றடியில் இருப்பவர் புற்றடியிலிருந்தும் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும் இணையவழி முறை 2021 ஜனவரியில் வந்தது. வியாபாரியை வீட்டிலிருந்தே செல்பேசியில் விலை கேட்கச் சொல்லவில்லை. இரண்டு ஊர் மையங்களை இணைத்தார்கள், அவ்வளவுதான். கையில் காயைப் பார்த்து விலை சொல்லும் பழக்கத்தை மதித்து, நடுவில் நின்ற மலையை மட்டும் விலக்கிய அளவான தீர்வு அது. அந்த அளவைப் புதியவர்கள் கற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைக் கற்க இப்போது இடமும் இருக்கிறது. ஜோஹோவில் புராடக்ட் பிரிவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் தொடங்கிய பிரெஷ்டெஸ்க், பின்னர் பிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. அமெரிக்காவிலிருந்து வீடு மாறியபோது உடைந்துபோன தன் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இழப்பீடு கேட்டு அலைந்த வாடிக்கையாளரும் அவர்தான். அந்த அலைச்சலிலிருந்தே வாடிக்கையாளர் குறைதீர்க்கும் மென்பொருளுக்கான எண்ணம் வளர்ந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-இலிருந்து இயங்குகிறது. பெருநகரத்தில் உட்கார்ந்தால்தான் உலகத்துக்குப் பொருள் செய்ய முடியும் என்ற எண்ணம் உடைந்து பத்தாண்டுக்கு மேலாகிறது.

‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லப் பழகுவது மட்டும் எந்தப் படிப்பிலும் வராது. கேட்டவர் பெரிய வாடிக்கையாளராக இருப்பார், சில சமயம் நிறுவனத் தலைவராகவே இருப்பார். வெறும் ‘முடியாது’ மனத்தாங்கலில் முடியும். “இதைச் செய்தால் பணம் சீக்கிரம் கைக்கு வரும் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போகும், பரவாயில்லையா?” என்று எதை இழக்கிறோம் என்பதை அவர்முன் வைத்துக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தாங்களே ‘அப்ப இது அப்புறம் இருக்கட்டும்’ என்பார்கள்.

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி வீடுகளிலிருந்து இந்த வேலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சேர்வதற்கு முன் ஒருநாள் தோட்டத்தில் காய் எடுப்பவர்களோடு இருங்கள், ஒருநாள் உலர்த்தும் ஸ்டோரில் இருங்கள், ஒருநாள் அனுமதி கேட்டு ஏல மையத்தில் உட்காருங்கள். செல்பேசியைப் பையில் வைத்துவிட்டு நோட்டில் எழுதுங்கள். ஆடியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசி வரை நடக்கும். ஜீப் விடியுமுன் கிளம்பிவிடும்.