காதல் பறவைகளின் கோபம்

"லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வேண்டும்" என்று கேட்டால், மும்பையானாலும் மதுரையானாலும் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துத் தருவது பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலியக் குட்டிக் கிளியைத்தான். நீண்ட வாலும் முதுகில் அலை அலையான கோடுகளும் இருந்தால் அது பட்ஜரிகர். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கக் கண்டத்துப் பறவை. குட்டை வால், தடித்த உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய அலகு. எடை ஐம்பது கிராம் அளவுதான். ஒன்பது இனங்களில் ஒன்று மட்டும் மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. 1836-இல் செல்பி என்ற ஆங்கிலேயர் இவற்றுக்கு அகபோர்னிஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'அகபே' என்றால் அன்பு, 'ஓர்னிஸ்' என்றால் பறவை.

செம்பூரில் எங்கள் இரண்டு அறை ஃபிளாட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக இவற்றோடு குடித்தனம் செய்கிறேன். சங்கக் கூட்டங்களில் நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ரெண்டை வாங்கிக் கூண்டுல விட்டா ஒட்டிக்கும் இல்லையா சார்?"

ஒட்டிக்கொள்ளாது. பெயரில்தான் காதல், சுபாவத்தில் முன்கோபம். தன் கூண்டைத் தன் சொந்த வீடாகவே நினைக்கும். புதிதாக ஒன்றை உள்ளே விட்டால் காலையும் விரலையும் கடித்துக் குதறிவிடும். பெண் பறவைக்கு ஆணைவிட அதிகாரம் அதிகம். ஆகவே புதுப் பறவையை முதலில் ஒரு மாதம் வேறு அறையில் வைத்து, நோய் ஏதும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் வையுங்கள். கம்பிக்கு இருபுறமும் நெருங்கி உட்கார ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒன்றன் தலையை ஒன்று கோதுவதும், ஆண் தான் தின்றதைக் கக்கிப் பெண்ணுக்கு ஊட்டுவதும்தான் சம்பந்தம் முடிந்ததற்கு அடையாளம்.

நம் ஊரில் அதிகம் கிடைக்கும் இனங்களில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 'ஜோடி' என்று வாங்கியது இரண்டும் பெண்ணாக இருந்து, முட்டைகளாக இட்டு ஒன்றும் பொரியாத வீடுகள் உண்டு. சிறகைக் கொண்டு செய்யும் மரபணுப் பரிசோதனை நம்பகமான வழி.

பிறவிக் குணம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு, கார்னல் பல்கலைக்கழகத்து வில்லியம் டில்கர் 1962-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. ஓர் இனம் கூடு கட்டும் நாரைத் தன் பின்புறச் சிறகுகளில் செருகிக்கொண்டு போகும். மற்றோர் இனம் அலகில் கவ்விப் போகும். இரண்டுக்கும் பிறந்த கலப்புப் பறவை சிறகில் செருகப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்தது. அலகில் கவ்விப் போகச் சரியாகப் பழக மூன்று ஆண்டுகள் ஆயின. அவசரப்படுத்தினால் எதுவும் நடக்காத சாதி இது.

எங்கள் ஜோடியில் ஆண் 2019-இல் இறந்தது. பெண் பறவை நாளெல்லாம் கத்தியது. தினையைப் பெயருக்குக் கொத்தியது. "இனி அதுவும் தங்காது" என்றார்கள். ஜோடி போனால் மற்றதும் செத்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அது விதியல்ல. துணை வேண்டும் என்பது மட்டுமே உண்மை.

அப்பா காலமானபின் திருநெல்வேலியிலிருந்து எங்களிடம் வந்திருந்த அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. கூண்டைத் தன் நாற்காலிப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "என்னட்டி, ஒனக்கும் பேச ஆளில்லையா?" என்று கீரை ஆய்ந்தபடியே பேசுவார். இரண்டு மாதத்தில் பறவை அவர் தோளில் உட்கார்ந்தது. அப்புறம் நான் அம்மா பக்கத்தில் போனாலே கடிக்க வந்தது!

அடுத்த கோடையில் அம்மா ஒரு மாதம் ஊருக்குப் போனபோது, அது தன் மார்புச் சிறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டது. டாக்டர் மருந்து ஏதும் எழுதவில்லை. இன்னொருவரையும் பழக்குங்கள் என்றார். அன்றிலிருந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து என் மகளும் தினை வைக்கிறாள். அம்மாவோ ஊர்ப் பயணத்தைப் பத்து நாளாகக் குறைத்துக்கொண்டார். "எய்யா, அது எனக்காகப் பாத்துக்கிட்டுல்லா இருக்கும்" என்கிறார்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பகலெல்லாம் வீடு பூட்டியிருக்குமானால் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். வீட்டில் பேச ஆள் உண்டென்றால் ஒன்றே போதும். நான்-ஸ்டிக் வாணலி காய்ந்து கருகும் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டு சமையலறைப் பக்கமே வேண்டாம். அவகாடோவும் சாக்லேட்டும் விஷம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களிலும் சிலவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நன்றாகப் பராமரித்தால் லவ் பேர்ட் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கும். இன்று ஐந்தாம் வகுப்பில் அடம்பிடிக்கும் பிள்ளை, நாளை கல்லூரிக்காக வேறு ஊர் போய்விடும். பறவை நம்மோடுதான் இருக்கும். அதற்கும் சம்மதம் என்றால் வாங்குங்கள்.