உறுமியும் துளைப்பொறியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வழியே செல்வார் செவியில் லேத்துப் பட்டறைகளின் ஓசை இடையறாது விழும். இவ்வோசை இசையாகுமா? ஆகும் என்று 1976இல் இலண்டனில் 'தொழிற்சாலை இசை' எனப் பெயரிட்டுத் திராபிங் கிரிஸ்டில் குழுவினர் நாட்டினர்.

அந்நெறிக்கு அணுக்கமாய் நின்று, தமிழ்த் தோற்கருவியையும் கையாண்டவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருட்பிரகாசம். 1975இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர்ச்சூழலால் 1986இல் மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். அவர்தம் 'அருளர்' (2005) என்னும் தொகுப்பு ரோலண்டு எம்.சி.505 என்னும் தாளப்பொறியை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. 'கலா' (2007) சென்னையில் பதிவுசெய்த உறுமி முழக்கத்தை ஏற்றது. 'மாயா' (2010) தொகுப்பின் ஒரு பாடல் துளைப்பொறியின் அலறலையே தாளமாக்கியது.

உறுமியின் ஒரு முகத்தை வளைந்த கோலால் தேய்ப்பர்; மறுமுகத்தை அடிப்பர். தேய்ப்பில் எழும் உறுமலே கருவிக்குப் பெயராயிற்று. துளைப்பொறியின் ஓசையோ பெரும்பாலும் சுழலும் மோட்டாரிலும் பற்சக்கரங்களிலும் பிறப்பது. இரண்டிலும் சுருதி ஓரிடத்து நில்லாது வழுக்கிச் செல்லும். இவ்வொப்புமை பற்றியே இரண்டும் ஒரு கலைஞர் கைக்கு இயல்பாய் வாய்த்தன எனலாம்.

அவர் நோக்கம் செவிக்கு விருந்து மட்டுமன்று. ஏதிலியர் குரலை உலக மன்றில் ஒலிப்பித்தலும், இணையத்தின்வழி அரசுகள் நிகழ்த்தும் கண்காணிப்பைச் சுட்டுதலும் ஆம்.

அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் தொகுத்த தோற்கருவிகளுள் உறுமியின் பெயர் இல்லை. இனிமையொன்றையே அளவுகோலாகக் கொள்வோமாயின், பட்டறையோசையும் அவ்வாறே புறத்து நிற்கும். அதனைப் பதிந்து வகைப்படுத்துதல் நம் கடனாகும்.