இரும்புக் கவசம் செய்ய உதவும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கேம்ஸ் விளையாடுகிறோம், பாட்டுக் கேட்கிறோம், இன்டர்நெட்டில் சுற்றுகிறோம். சில மாதங்கள் போனதும் "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலர் இந்தக் கேள்விக்கு ஒரு வித்தியாசமான பதில் வைத்திருக்கிறார்கள். இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் அணிந்தது போன்ற இரும்புக் கவசத்தை வீட்டுப் பட்டறையில் தாங்களே செய்கிறார்கள். பிறகு அதை மாட்டிக்கொண்டு விடுமுறை நாட்களில் மைதானத்தில் மோதுகிறார்கள்! தகட்டை வெட்டுவதற்கு முன் அளவு பார்ப்பது, படம் வரைவது, எடையைக் கணக்கிடுவது ஆகிய வேலைகளுக்குக் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது.

இதற்கு விலை உயர்ந்த டிசைன் சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. எக்ஸெல், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப், பிடிஎப் பைல்களைத் திறக்கும் அடோப் ரீடர், ஒரு சாதாரண ஏ4 பிரிண்டர் ஆகியவை போதும். நீங்கள் கவசமே செய்யாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்கிரீனில் போட்ட அளவு பேப்பரில் அப்படியே வருவது எப்படி என்பது சட்டைக்கு அளவு எடுப்பவருக்கும் மர வேலை செய்பவருக்கும் உதவும்.

என்ன விளையாட்டு இது?

1966-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரில், எழுத்தாளர் டயானா பாக்ஸனின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் கூடி பழங்கால உடையில் ஒரு வாள் போட்டி நடத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் எஸ்.சி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' அமைப்பு. இதன் பெரிய கூட்டங்களில் ஒன்றான 'பென்சிக் வார்' 1972-ல் தொடங்கியது. இது பென்சில்வேனியா மாநிலத்தில் நடத்தப்படுகிறது. பல ஆயிரம் பேர் கூடாரம் அடித்துத் தங்கி இதில் கலந்துகொள்கிறார்கள்.

இவர்களுடைய கவசச் சண்டையில் வாள் இரும்பில் இருக்காது. பிரம்பில் இருக்கும். மரக்கட்டை உடைந்தால் கூரான சிம்புகளாகப் பிளக்கும். பிரம்பு அப்படிப் பிளக்காமல் துடைப்பம் போல நார் நாராகப் பிரிகிறது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் அடி என்னவோ நிஜ அடிதான்! 3.2 செ.மீ. கனமுள்ள பிரம்பை முழு பலத்தோடு வீசுகிறார்கள். தலையிலும் அடிக்கலாம். எனவே கவசம் என்பது இங்கே வேஷத்துக்குப் போடும் அலங்காரம் அல்ல. மைதானத்தில் இறங்கும் முன் மார்ஷல் எனப்படும் அதிகாரி ஒவ்வொருவருடைய கவசத்தையும் பரிசோதிப்பார்.

தலைக்கவசத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் விதிகளில் முக்கியமான நான்கு:

1. தகடு குறைந்தது 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மி.மீ. கனமுள்ள இரும்பாக இருக்க வேண்டும்.
2. உள்ளே தலை படக்கூடிய இடமெல்லாம் குறைந்தது அரை அங்குலம் (1.27 செ.மீ.) கனத்துக்கு, தண்ணீர் உறிஞ்சாத கெட்டி ரக ஃபோம் அல்லது அதற்கு இணையான மெத்தை வேண்டும்.
3. முகத்தில் உள்ள எந்தத் திறப்பின் வழியாகவும் ஓர் அங்குல விட்டமுள்ள குச்சி நுழையக் கூடாது.
4. முகக்காப்பு தாடைக்குக் கீழே குறைந்தது ஓர் அங்குலம் இறங்க வேண்டும்.

முதல் வேலை எக்ஸெலில்

எளிதான ஒரு தலைக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். 13-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீரர்கள் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற தலைக்கவசம் அணிந்தார்கள். மேலே தட்டையான மூடி, சுற்றிலும் வளைத்த தகடு. அசல் கவசத்தில் பல தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள். கணக்கு புரிவதற்காக நாம் ஒரே பட்டையாக வைத்துக்கொள்வோம். பட்டையின் நீளம் எவ்வளவு?

தையல்காரர் வைத்திருக்கும் டேப்பை எடுங்கள். நெற்றியைச் சுற்றி ஒரு அளவு, மூக்கு நுனியைச் சுற்றி ஒரு அளவு எடுங்கள். இரண்டில் பெரியது எதுவோ அதுதான் நமக்குத் தேவை. 58 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இப்போது எக்ஸெலில் புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, கீழே உள்ளபடி டைப் செய்யுங்கள். (பி என்று நாம் எழுதியுள்ள இடத்தில் அந்த ஆங்கில எழுத்தை டைப் செய்ய வேண்டும்.)

பி1 செல்லில் தலைச் சுற்றளவு: 58
பி2 செல்லில் மெத்தைக்கு விடும் இடம்: 2
பி3 செல்லில் தகட்டின் கனம்: 0.16
பி4 செல்லில் ரிவெட் அடிக்க ஒன்றின் மேல் ஒன்று வரும் பகுதி: 2.5
பி5 செல்லில் பார்முலா: =பி1+2*3.1416*பி2+3.1416*பி3+பி4

என்டர் தட்டினால் விடை 73.57 என்று வரும். அதாவது 73.6 செ.மீ. நீளமான பட்டை தேவை.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். மனிதனுடைய தலை வட்டம் இல்லையே, முட்டை வடிவம்தானே, வட்டத்தின் பார்முலா எப்படிச் சரியாகும்? சரியாகும். உட்குழிவு இல்லாத எந்த வடிவமாக இருந்தாலும், அதைச் சுற்றி ஒரே சீராக இடைவெளி விட்டு இன்னொரு கோடு போட்டால், சுற்றளவு கூடும் அளவு எப்போதும் இடைவெளியைப் போல 6.28 மடங்குதான். வட்டமா, முட்டையா என்பது முக்கியமில்லை.

பி2-ல் உள்ள 2-ஐ 2.5 என்று மாற்றிப் பாருங்கள். விடை 76.7 ஆகிவிடும். மெத்தை அரை சென்டிமீட்டர் கூடினால் தகடு 3 செ.மீ.க்கு மேல் கூடுகிறது. பட்டையை முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு தகடுகளாகச் செய்வதானால் இணைப்பும் இரண்டு. அப்போது பார்முலாவின் கடைசியில் +பி4 என்று இன்னொரு முறை சேர்க்க வேண்டும்.

உயரத்துக்கும் இதே போல் கூட்டுங்கள். உச்சந்தலையிலிருந்து தாடை வரை 23, மெத்தை 2, தாடைக்குக் கீழே 2.5, மேல் மூடியைப் பொருத்த மடிக்கும் பகுதி 1.5. ஆக மொத்தம் 29 செ.மீ.

எடையும் பார்த்துவிடலாம். 73.6, 29, 0.16 மூன்றையும் பெருக்கி, இரும்பின் அடர்த்தியான 7.85-ஆல் மீண்டும் பெருக்கினால் சுமார் 2,680 கிராம் வரும். மூடிக்கும் மெத்தைக்கும் முன்பே தலையில் 2.7 கிலோ ஏறிவிட்டது!

படம் வரைவது எப்படி?

இங்க்ஸ்கேப்பைத் திறந்து, பைல் மெனுவில் டாக்குமென்ட் ப்ராபர்ட்டீஸ் சென்று அளவு முறையை மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். செவ்வகம் வரையும் கருவியைத் தேர்ந்தெடுத்து ஒரு பெட்டி வரையுங்கள். மவுஸை இழுத்து இழுத்து அளவு கொண்டுவர முயல வேண்டாம். மேலே அகலம், உயரம் என்று இரண்டு கட்டங்கள் தெரியும். அவற்றில் 736, 290 என்று டைப் செய்யுங்கள். செவ்வகக் கருவி தேர்வாகி இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். அம்புக்குறிக் கருவி காட்டும் அளவில் கோட்டின் தடிமனும் சேர்ந்திருக்கலாம்.

கண் திறப்புக்கு 20 மி.மீ. உயரத்தில் இன்னொரு பெட்டி போடுங்கள். விதி 25.4 மி.மீ. குச்சியைத் தடுக்கச் சொல்கிறது. அடி வாங்கி வாங்கித் தகடு சற்று விரிந்தாலும் பாதுகாப்பாக இருக்க இந்த இடைவெளி வேண்டும். ரிவெட் துளைகளையும் சிறு வட்டங்களாகக் குறித்துவிடுங்கள். கடைசியாகப் படத்தின் காலியான ஒரு மூலையில் சரியாக 100 மி.மீ.க்கு 100 மி.மீ. சதுரம் ஒன்று போடுங்கள். இது எதற்கு என்று அடுத்து பார்ப்போம். படத்தைப் பிடிஎப் பைலாக சேவ் செய்யுங்கள்.

பிரிண்டர் செய்யும் குறும்பு

பட்டை 73.6 செ.மீ. நீளம். ஏ4 பேப்பரோ 29.7 செ.மீ. தான். இதற்கு அடோப் ரீடரில் வழி இருக்கிறது. பைலைத் திறந்து பிரிண்ட் கொடுத்ததும் வரும் டயலாக் பாக்ஸில் 'போஸ்டர்' என்ற பட்டனைக் கிளிக் செய்யுங்கள். 'டைல் ஸ்கேல்' 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். 'ஓவர்லேப்' கட்டத்தில் 1 செ.மீ. அளவுக்குக் கொடுங்கள். 'கட் மார்க்ஸ்', 'லேபிள்ஸ்' இரண்டையும் டிக் செய்யுங்கள். நம் படம் ஆறு தாள்களில் பிரிந்து வரும். குறிகளைப் பார்த்து ஒட்டினால் முழுப் படம் தயார்.

ஒட்டும் முன் நாம் போட்ட சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சரியாக 10 செ.மீ. இருக்கிறதா? பல பேர் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். பேப்பரின் ஓரத்தில் விளிம்பு விடுவதற்காக, 'பிட்' என்ற வசதி படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் சுருக்கிவிடும். கடிதமோ போட்டோவோ அச்சடித்தால் இது கண்ணுக்கே தெரியாது. கவசத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள்.

படம் 97 சதவீதமாக அச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சதுரம் 9.7 செ.மீ. இருக்கும். 73.6 செ.மீ. பட்டை 71.4 ஆகிவிடும். குறைந்தது 2.2 செ.மீ. இதை 6.28-ஆல் வகுத்தால் 0.35. அதாவது தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மெத்தைக்கு விட்ட இடத்தில் மூன்றரை மில்லிமீட்டர் காணாமல் போய்விட்டது. 2 செ.மீ. விட்டிருந்தவருக்கு 1.65 மிஞ்சும். "1.5 போதும்" என்று நினைத்தவருக்கு 1.2-க்கும் கீழே போய்விடும். விதி கேட்பது 1.27. தகட்டை வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்த பிறகு மெத்தை நுழையவில்லை என்றால், அதை மெல்லியதாக்கி ஒட்டிவிடலாம் என்று தோன்றும். அடுத்து விழும் அடியைத் தாங்குவது அந்த மெத்தைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் கவச வரைபடங்களுக்கும் இது பொருந்தும். அவை வேறொருவரின் தலைக்கு வரைந்தவை. அளவுக்குறி எதுவும் இல்லாத படத்தை நம்பித் தகட்டில் கை வைக்காதீர்கள்.

அட்டைக்குப் பிறகே இரும்பு

ஒட்டிய பேப்பரைக் கெட்டி அட்டையில் வைத்து வெட்டி, வளைத்து, மெத்தையோடு தலையில் மாட்டிப் பாருங்கள். தலையைத் திருப்ப முடிகிறதா? குனிந்தால் கழுத்தில் இடிக்கிறதா? கால் எங்கே படுகிறது என்று தெரிகிறதா? சரியாக இல்லாவிட்டால் எக்ஸெலில் எண்ணை மாற்றி மறுபடி அச்சடிக்கலாம். நஷ்டம் சில தாள்கள்தான்.

பட்டறையில் இறங்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், தகட்டைப் பிடிக்கும்போது தோல் கையுறை ஆகியவை கட்டாயம். வெட்டிய தகட்டின் விளிம்பு பிளேடு போல இருக்கும். அரம் போட்டு மழுக்கிய பிறகே வளைக்க வேண்டும். துளை போடும்போது தகட்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடாக்கவோ வெல்டிங் செய்யவோ கூடாது. அதன் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

சங்கிலிச் சட்டைக்கு ஒரு கணக்கு

கம்பி வளையங்களைக் கோத்துச் செய்யும் சங்கிலிச் சட்டையும் இவர்களிடையே பிரபலம். கம்பியை ஒரு தண்டில் சுருள் போலச் சுற்றி, வெட்டி, ஒவ்வொரு வளையத்தையும் நான்கு வளையங்களோடு கோக்கிறார்கள். பல மாத வேலை! தொடங்கும் முன்பே எடை தெரிந்தால் நல்லதல்லவா?

அடுத்த ஷீட்டில் பி1-ல் கம்பியின் கனம் 1.6, பி2-ல் வளையத்தின் உள் விட்டம் 8 (இரண்டும் மி.மீ.), பி3-ல் அடர்த்தி 7.85, பி4-ல் வளையங்களின் எண்ணிக்கை 20000 என்று கொடுங்கள்.

பி5, ஒரு வளையத்துக்கான கம்பி: =3.1416*(பி1+பி2)
பி6, ஒரு வளையத்தின் எடை: =3.1416*பி1*பி1/4*பி5*பி3/1000
பி7, சட்டையின் எடை: =பி6*பி4/1000
பி8, மொத்தக் கம்பி: =பி5*பி4/1000

ஒரு வளையத்துக்கு 30 மி.மீ. கம்பி, எடை அரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. சட்டை 9.5 கிலோ, கம்பி 603 மீட்டர். பி3-ல் அலுமினியத்தின் 2.7-ஐக் கொடுத்தால் எடை 3.3 கிலோவாகக் குறையும். 20,000 என்பது ஓர் உதாரணம்தான். 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை முதலில் கோத்து, வளையங்களை எண்ணி, உங்கள் சட்டையின் பரப்புக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். சுருளைத் தண்டிலிருந்து கழற்றியதும் சற்று விரியும் என்பதால், உள் விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்து போடுவது நல்லது.

சங்கிலிச் சட்டை வெட்டைத் தடுக்கும், அடியின் வேகத்தைத் தடுக்காது. பிரம்படி அப்படியே உள்ளே இறங்கும். அதற்குள் தடித்த மெத்தைச் சட்டை அணிந்தே ஆக வேண்டும்.

கடைசியாகச் சில

பைல்களுக்கு 'தலைக்கவசம் 58 செ.மீ.' என்பது போல அளவோடு பெயர் வையுங்கள். இன்னொரு காப்பியைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், அமைப்பின் இணையதளத்திலிருந்து நடப்பு விதிப் புத்தகத்தை டவுன்லோட் செய்து படித்த பிறகே அளவு எடுங்கள். பிரம்புச் சண்டைக்குச் செய்த கவசம் எல்லாச் சண்டைக்கும் ஆகாது. 2010-ல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் தொடங்கிய 'பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்' போன்ற போட்டிகளில் முனை மழுக்கிய இரும்பு ஆயுதங்களே பயன்பட்டன. அவற்றுக்கு விதிகள் வேறு, கவசமும் வேறு.

இன்றைக்கே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் 10 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, ஒரு முறை 'பிட்' வைத்தும் ஒரு முறை 'ஆக்சுவல் சைஸ்' வைத்தும் அச்சடித்து, இரண்டையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். உங்கள் பிரிண்டர் எவ்வளவு சுருக்குகிறது என்பது தெரிந்துவிடும்.