மெயில் வந்தது எங்கிருந்து?

"உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே பாஸ்வேர்டைப் புதுப்பிக்கவும்" என்று உங்கள் வங்கியின் பெயரில் ஒரு மெயில் வருகிறது. ஃப்ரம் என்ற இடத்தில் வங்கியின் முகவரியே இருக்கிறது. நம்பலாமா? கூடாது. தபால் உறையில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? 1982ல் வரையறுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் மெயில் அனுப்பும் முறையும் அப்படித்தான். ஃப்ரம் முகவரியை அது சோதிப்பதில்லை.

தபால் முத்திரையைப் பார்க்க வேண்டும். மெயிலில் அது ஹெடர் பகுதியில் உள்ளது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, ஷோ ஒரிஜினல் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வரும் பக்கத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ரிசீவ்டு என்று தொடங்கும் வரிகள் போதும். மெயில் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்க்கும். எனவே பயணம் கீழிருந்து மேலே. ஆனால் கீழ் வரிகளை அனுப்பியவரே போலியாக எழுதியிருக்கலாம். உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர், வெளி சர்வரிடமிருந்து மெயிலை வாங்கியபோது எழுதிய வரியைத்தான் நம்பலாம். அதிலுள்ள ஐ.பி. எண் மெயிலை ஒப்படைத்த சர்வருடையது; அனுப்பிய ஆளின் வீட்டு முகவரி அல்ல. (ஜிமெயில் தளத்தில் எழுதி அனுப்பினால் அவருடைய ஐ.பி. எண் ஹெடரில் வராது.)

அதே பக்கத்தின் மேலே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற சோதனைகளின் முடிவும் இருக்கும். டிமார்க் பாஸ் என்றால் ஃப்ரம் முகவரியில் உள்ள டொமைன் போலியாக எழுதப்பட்டதல்ல. ஆனால் அது உங்கள் வங்கியின் டொமைன்தானா என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்தை மாற்றிப் பதிவு செய்த ஏமாற்று டொமைனும் பாஸ் வாங்கிவிடும்.