பாக்கெட்டுல இருக்கிறது அச்சுப் பிழையா, அடிபட்ட காசா?

ராஜபாளையத்துல பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்குறதுக்குள்ள கண்டக்டர் கொடுக்கிற மீதிச் சில்லறையில நாலஞ்சு நாணயமாவது உங்க பாக்கெட்டுக்கு வந்துடும். அதுல ஒண்ணு விசித்திரமா இருந்தா, "இது லட்சத்துக்குப் போகும்"னு சொல்ற வீடியோவைத் தேடாதீங்க. முதல்ல ஒரு கேள்வி கேளுங்க: இந்தக் குறை நாணயச்சாலைக்கு உள்ளேயே வந்திருக்க முடியுமா?

நாணயம் தயாரிக்கிறது நாம படிச்ச பிரஸ் வேலைதான். தகட்டுல இருந்து வட்ட வில்லையை வெட்டுவாங்க. விளிம்பை அழுத்தி உயர்த்துவாங்க. கடைசியா ரெண்டு டைக்கு நடுவுல வச்சு அடிப்பாங்க. உலோகம் பிதுங்காம இருக்கச் சுற்றி ஒரு வளையம் பிடிச்சிருக்கும். எந்தக் கட்டத்துல தப்பு நடந்தாலும் அதுக்குன்னு ஒரு தடயம் இருக்கும்.

மையம் விலகிய அச்சு: ஒரு பக்கம் எழுத்து பாதியில அறுந்துபோகும், எதிர்ப்பக்கம் பிறை மாதிரி வெறும் உலோகம் தெரியும். பின்பக்கத்தைத் திருப்பினாலும் இதே கதைதான் இருக்கணும்.

பிறை வெட்டு: ஏற்கெனவே வெட்டின ஓட்டை மேல பஞ்ச் மறுபடி விழுந்தா வில்லை கடிபட்ட மாதிரி வரும். அதுக்கு நேர் எதிர் விளிம்பு பெரும்பாலும் மழுங்கி இருக்கும். அரத்தால தேய்ச்ச காசுல எதிர் விளிம்பு முழுசா இருக்கும்.

டை விரிசல்: டையில விழுந்த விரிசல் பள்ளம். அதனால நாணயத்துல அது மேடான கோடா வரும். நகத்தால தடவிப் பாருங்க. கோடு பள்ளமா இருந்தா, பெரும்பாலும் அது வெளியே விழுந்த கீறல்தான்.

சந்தேகம் இருந்தா லேப் தராசுல வைங்க. 2011 வரிசை 2 ரூபாய் நாணயம் 4.85 கிராம், துருப்பிடிக்காத இரும்பு, காந்தத்துல ஒட்டும். மஞ்சளா மின்னுற ஒண்ணு இதே எடையில, காந்தத்துலயும் ஒட்டுச்சுன்னா, யாரோ முலாம் பூசியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிழையே இல்லாததும் உண்டு. வருஷத்துக்குக் கீழே வைரக்குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லன்னா கொல்கத்தா. ₹ குறி இருக்கிற 10 ரூபாயும் செல்லும், இல்லாததும் செல்லும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு.

முக்கியமான விஷயம்: உங்க காசை வாங்கிக்கிறோம், முதல்ல கமிஷனோ வரியோ கட்டுங்கன்னு யாராவது கேட்டா போனை வச்சிடுங்க. பழைய நோட்டு, நாணய விற்பனையில எங்களுக்குச் சம்பந்தமே இல்ல, கட்டணம் எதுவும் கேட்கிறதில்லன்னு 2021 ஆகஸ்ட்டுல ரிசர்வ் வங்கி எச்சரிச்சிருக்கு.

உண்மையான பிழை கிடைச்சா புளி போட்டுத் தேய்க்காதீங்க. அப்படியே ஒரு பேப்பர் கவர்ல போட்டு வைங்க. மத்த காசையெல்லாம் பால்கோவா கடையில கொடுத்துடுங்க. அங்க அதுக்கு முழு மதிப்பு உண்டு.