கண்டெய்னரில் வராத மாற்றம்

மாதவரம் 200 அடி சாலையில் வரிசைகட்டி ஓடும் கண்டெய்னர் லாரிகளைப் பார்க்காமல் நம் பகுதியில் ஒரு நாள்கூடக் கழியாது. உலகமயமாக்கலின் கண்ணுக்குத் தெரியும் உருவம் இந்த இரும்புப் பெட்டிதான். 1956-ல் அமெரிக்காவில் 58 பெட்டிகளோடு ஒரு கப்பல் புறப்பட்டது. அதன்பின் கடல்வழிச் சரக்குச் செலவு வெகுவாகக் குறைந்தது. எங்கோ செய்த பொருள் நம் தெருக்கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

பொருளோடு பண்பாடும் வந்து இறங்கிவிடுமா? அமெரிக்கச் சமூகவியலாளர் ஜார்ஜ் ரிட்சர், மெக்டொனால்ட்ஸ் கடையைப் போல எங்கும் ஒரே அச்சு என்ற நிலைக்கு உலகம் போகிறது என்று 1993-ல் எழுதினார். ரோலண்ட் ராபர்ட்சனோ, வெளியிலிருந்து வருவது உள்ளூர் மண்ணுக்கேற்ப மாறித்தான் வேர்பிடிக்கிறது என்றார்.

ராபர்ட்சன் சொன்னதற்கு நம் வீட்டிலேயே சான்று உண்டு. நோன்பு உலக முஸ்லிம்கள் அனைவருக்கும் பொது. அரிசியும் பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேரும் நோன்புக் கஞ்சி நம்முடையது. அதற்காகத் தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்குகிறது. நம் முன்னோருடன் கப்பலேறிய அதே கஞ்சி சிங்கப்பூர், பினாங்குப் பள்ளிவாசல்களிலும் காய்ச்சப்படுகிறது.

பண்பாட்டுத் தாக்கம் என்றதும் மேற்கத்திய உடையையும் சினிமாவையும் ஏசுவதோடு நின்றுவிடுகிறோம். செல்போன் வழியே வரும் மாற்றத்தை யாரும் கவனிப்பதில்லை. அது மார்க்கத்தின் பெயரால் வருகிறதல்லவா! ‘தொழுகை’ என்று சொல்ல நம் பிள்ளைகள் தயங்கி ‘ஸலாஹ்’ என்கிறார்கள். ‘பெருநாள்’ போய் ‘ஈத்’ வந்துவிட்டது. தமிழில் சொன்னால் ஈமான் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

அரபி நமக்கு வேதமொழி. மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் அதை ஓதியவர்கள் நாம். அதன் அருமையை யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் உலமாக்கள் அரபு எழுத்தை எடுத்துக்கொண்டு அதில் தமிழையே எழுதினார்கள். அதுதான் அர்வி. மார்க்கத்துக்கு முரண்படாத ஊர் வழக்கத்தை ‘உர்ஃப்’ என்று ஃபிக்ஹ் சட்டமும் ஏற்கிறது. மொழிகள் வேறுபட்டிருப்பதையே அல்லாஹ்வின் அத்தாட்சி என்கிறது அர்ரூம் அத்தியாயத்தின் 22-ஆம் வசனம்.

இழப்பு சொல்லோடு முடிவதில்லை. தூக்குச்சட்டியில் கஞ்சி கொடுத்தனுப்பினால், “இன்னைக்கு எத்தனையாவது நோன்பு?” என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்பார். ‘ஸவ்ம்’ என்று மட்டுமே சொல்லப் பழகிய பிள்ளையிடம் அவர் என்ன கேட்பார்?